பிண்ணாக்கின் புரத மதிப்பு: ஓர் அளவீட்டின் வரலாறு

முன்னுரை

எள்ளின் நெய்யே எண்ணெய் எனப் பெயர் பெற்றது. அதனைப் பிழிந்தபின் எஞ்சும் பிண்ணாக்கு, தீவனமாகவும் எருவாகவும் நெடுங்காலம் பயன்பட்டு வந்துள்ளது. நிலக்கடலைப் பருப்பில் ஏறத்தாழ 25 விழுக்காடு புரதம் உண்டு. எண்ணெய் நீங்கிய பிண்ணாக்கில் அது, வழக்கமான கணக்கின்படி, 45 முதல் 50 விழுக்காடாகிறது. பிண்ணாக்கை மனித உணவாக்கும் முயற்சிகளுக்கு இவ்வெண்ணே அடிப்படையாயிற்று. அவ்வெண் எவ்வாறு பெறப்பட்டது, எவற்றை அது உணர்த்தவில்லை என்பனவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

நைட்ரஜனும் பெருக்கெண்ணும்

டென்மார்க்கின் கார்ல்ஸ்பர்க் ஆய்வகத்தில் பணியாற்றிய ஜோகன் கெல்டால் 1883இல் வெளியிட்ட முறை, நைட்ரஜனையே அளக்கிறது, புரதத்தை அன்று. புரதத்தில் 16 விழுக்காடு நைட்ரஜன் உண்டு என்னும் கருத்தின்படி, கிடைத்த அளவை 6.25ஆல் பெருக்குவது வழக்கமாயிற்று. ஆனால் ஆர்ஜினின் மிகுந்த விதைப் புரதங்களில் நைட்ரஜன் செறிவு இதனினும் அதிகம். நிலக்கடலையிலிருந்து அராக்கின், கோனராக்கின் என்னும் புரதங்களை 1916இல் ஜான்ஸுடன் இணைந்து பிரித்தறிந்த டி. பிரீஸ் ஜோன்ஸ், 1931இல் நிலக்கடலைக்கு 5.46, எள்ளுக்கு 5.30 எனத் தனிப் பெருக்கெண்களை முன்வைத்தார். இதன்படி, 8 விழுக்காடு நைட்ரஜன் கொண்ட கடலைப் பிண்ணாக்கின் புரதம் 50 விழுக்காடன்று; 43.7 விழுக்காடே.

அளவிலிருந்து தரத்திற்கு

மக்காச்சோளத்தின் முதன்மைப் புரதத்தை மட்டும் புரத உணவாகப் பெற்ற எலிகள் வளரவில்லை என்பதையும், டிரிப்டோஃபேனும் லைசினும் சேர்த்தபின் வளர்ந்தன என்பதையும் ஆஸ்போர்னும் மெண்டலும் 1914இல் காட்டினர். புரதத்தின் அளவோடு அமினோ அமிலப் பகுப்பும் கருதத்தக்கது என்பது இதனால் தெளிவாயிற்று. நிலக்கடலையில் லைசின், மெத்தியோனின் இரண்டும் குறைவு. எள்ளில் மெத்தியோனின் மிகுதி, லைசின் குறைவு.

மைசூரில் 1950இல் தொடங்கப்பட்ட மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய ‘இந்தியப் பல்நோக்கு உணவு’ இப்பின்னணியில் நோக்கத்தக்கது. எண்ணெய் நீக்கிய கடலை மாவு 75 பங்கும் கொண்டைக்கடலை மாவு 25 பங்கும் கலந்து, வைட்டமின்களும் கால்சியமும் சேர்க்கப்பட்ட உணவு அது. கொண்டைக்கடலை, லைசின் குறையைத் தணித்தது. மெத்தியோனின் குறை எஞ்சியது.

பூஞ்சை நச்சு

1960இல் இங்கிலாந்தில் ஒரு நூறாயிரத்திற்கும் மேற்பட்ட வான்கோழிகள் மாண்டன. அவற்றின் தீவனத்திலிருந்த கடலைப் பிண்ணாக்கை ஆராய்ந்தபோது, ஆஸ்பெர்கில்லஸ் ஃபிளேவஸ் என்னும் பூஞ்சை உண்டாக்கும் நச்சு கண்டறியப்பட்டது. அப்பூஞ்சையின் பெயராலேயே அஃப்ளடாக்சின் எனப்பட்ட இந்நச்சு, எண்ணெய் பிழியும்போது பெரும்பாலும் பிண்ணாக்கிலேயே தங்கிவிடும். அறுவடைக்குப்பின் உலர்த்துதலும் சேமிப்பும் புரத அளவுக்கு நிகராக இன்றியமையாதவை என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது.

முடிவுரை

பிண்ணாக்கின் மதிப்பு, நைட்ரஜன், அமினோ அமிலப் பகுப்பு, நச்சின்மை ஆகிய மூன்றாலும் அறியப்படுவது. பழைய உணவுப் பகுப்பாய்வு அட்டவணைகளை ஒப்பிடும் ஆய்வாளர், அவற்றில் எப்பெருக்கெண் கையாளப்பட்டது என்பதை முதலில் உறுதிசெய்தல் வேண்டும். இல்லையேல், கணக்கீட்டு வேறுபாடே விதையின் வேறுபாடாகப் பிழைபட உணரப்படும்.