பாத்திரமேற்பு விளையாட்டுகளில் பூதங்கள்: அச்சத்திற்கு உருவம் கொடுத்த அரை நூற்றாண்டு

முன்னுரை

இருட்டைக் கண்டு அஞ்சும் குழந்தையிடம் "அங்கே ஒன்றுமில்லை" என்று சொன்னால் அச்சம் தீர்வதில்லை. "அது எப்படி இருக்கும்? வரைந்து காட்டு" என்று சொல்லிப் பாருங்கள். கொம்பும் கோரைப்பல்லும் வைத்து வரைந்து முடித்ததும் குழந்தையே சிரித்துவிடும். ஆசிரியப் பணியில் இதைப் பலமுறை கண்டிருக்கிறேன். உருவம் தெரியாத அச்சத்தைவிட உருவம் தெரிந்த அச்சத்தைச் சமாளிப்பது எளிது.

இந்த உண்மையை அடிப்படையாகக் கொண்டு ஒரு விளையாட்டு வகையே தோன்றி ஐம்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. அதுவே கற்பனைப் பாத்திரமேற்பு விளையாட்டு. அதில் வரும் பூதங்கள் மனித மனத்தைப் பற்றி என்ன சொல்கின்றன என்பதை வரலாற்று வழியில் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஆங்கிலத்தில் 'மான்ஸ்டர்' எனப்படுவதற்கு இங்கே 'பூதம்' என்ற சொல் பயன்படுத்தப்படுகிறது. 'மான்ஸ்டர்' என்பதன் இலத்தீன் மூலச்சொல், 'எச்சரித்தல்' என்னும் பொருள்தரும் வினைச்சொல்லோடு தொடர்புடையது.

விளையாட்டின் தோற்றம்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள லேக் ஜெனீவா என்ற சிற்றூரைச் சேர்ந்தவர் கேரி கைகாக்ஸ். மினசோட்டா மாநிலத்தைச் சேர்ந்தவர் டேவ் ஆர்ன்சன். பொம்மைப் படைகளை மேசையில் நிறுத்தி ஆடும் போர் விளையாட்டில் இருவரும் ஆர்வம் கொண்டவர்கள். இவர்கள் உருவாக்கிய 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' 1974-இல் டி.எஸ்.ஆர். என்ற சிறு நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. முதல் அச்சில் 1,000 பிரதிகளே. பெட்டிக்குள் மூன்று சிறு நூல்கள் இருந்தன. அவற்றுள் இரண்டாம் நூல் பூதங்களையும் புதையல்களையும் பற்றியது.

ஆடும் முறை எளிது. ஒருவர் ஆட்டத்தை நடத்துவார். மற்றவர்கள் வீரன், மந்திரவாதி, திருடன் போன்ற ஒரு பாத்திரத்தை ஏற்பார்கள். நடத்துநர் ஒரு நிலவறையை வருணிப்பார். கதவைத் திறப்பதா, ஓடுவதா, சண்டையிடுவதா என்பதை ஆடுபவர்கள் கூடிப் பேசி முடிவு செய்வார்கள். விளைவைப் பகடை தீர்மானிக்கும். பெரும்பாலும் அந்தக் கதவுக்குப் பின்னே ஒரு பூதம் காத்திருக்கும்.

எண்ணால் அளக்கப்பட்ட அச்சம்

பழங்கதைகளில் வரும் பூதத்திற்கு அளவு கிடையாது. கைகாக்ஸ் எழுதி 1977-இல் வெளிவந்த 'மான்ஸ்டர் மேனுவல்' என்ற பூதக் கையேட்டில் 350-க்கும் மேற்பட்ட பூதங்கள் அகரவரிசையில் இடம்பெற்றன. ஒவ்வொன்றுக்கும் வேகம், கவசத்தின் வலிமை, அறிவுத்திறன், தாங்கும் ஆற்றல் ஆகியவை விலங்கியல் பாடநூல்போல் குறிக்கப்பட்டன.

இதில் ஓர் உளவியல் நுட்பம் அடங்கியுள்ளது. எண் உள்ள பூதம் எவ்வளவு பெரிதாயினும் அதற்கு ஓர் எல்லை உண்டு. இத்தனை அடி கொடுத்தால் விழும் என்று தெரிந்தவுடன் அச்சம் ஒரு கணக்காக மாறுகிறது. மேலும், அந்தக் கணக்கைத் தனியாகப் போட வேண்டியதில்லை. நான்கைந்து நண்பர்கள் பக்கத்தில் இருக்கிறார்கள். அச்சத்தைக் கூட்டாக எதிர்கொள்ளும் இந்த ஏற்பாடு, தனியே படிக்கும் கதைப் புத்தகத்தில் கிடைக்காத ஒன்றாகும்.

எந்தப் பூதம் எந்த அச்சம்?

தொடக்ககாலப் பூதங்கள் எல்லாம் ஆழ்ந்து சிந்தித்துப் படைக்கப்பட்டவை அல்ல. ஹாங்காங்கில் செய்யப்பட்ட மலிவான பிளாஸ்டிக் பொம்மைகளைக் கைகாக்ஸ் தம் ஆட்டமேசைக்குக் கொண்டுவந்தார். அவற்றிலிருந்தே ஆந்தைக்கரடியும் துருப்பூதமும் பிறந்தன. ஆயினும் அவை நிலைத்து நின்றதற்குக் காரணம், ஒவ்வொன்றும் ஏதோ ஓர் அச்சத்தைத் தொட்டதுதான்.

துருப்பூதம் மனிதனைத் தின்னாது. அவன் வாளையும் கவசத்தையும் துருவாக்கித் தின்றுவிடும். இடியைக் கண்டு கலங்காத வீரனும் இதைக் கண்டு ஓடுவான். பாடுபட்டுச் சேர்த்த உடைமையை இழக்கும் அச்சம் அது. 'மிமிக்' என்ற பூதம் புதையல் பெட்டி போலவே காத்திருந்து, திறக்கும் கையைப் பிடித்துக்கொள்ளும். ஆசைப்பட்ட பொருளே நம்மை விழுங்கும் என்ற அச்சம் இதில் உள்ளது. இரத்தக்காட்டேரி தீண்டினால், மாதக்கணக்கில் ஆடி ஈட்டிய அனுபவ நிலை குறைந்துவிடும். முதுமையும் மறதியும் மனிதனுக்குச் செய்வதும் ஏறத்தாழ இதுவே.

சிக்மண்ட் பிராய்டு 1919-இல் எழுதிய ஒரு கட்டுரையில், பழகிய ஒன்று திடீரெனப் பழகாததாகத் தோன்றும்போது எழும் நடுக்கத்தை ஆராய்ந்தார். பெட்டி வடிவப் பூதம் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கார்ல் யுங், நாம் நம்மிடம் ஏற்க மறுக்கும் குணங்களை 'நிழல்' என்று அழைத்தார். அந்த நிழலைப் பிறர்மேல் ஏற்றிப் பார்ப்பது மனத்தின் இயல்பு என்பது அவர் கருத்து. இவை விளக்கங்களே தவிர, ஆய்வுக்கூடத்தில் நிறுவப்பட்ட விதிகள் அல்ல என்பதை மாணவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

அமெரிக்கா சென்ற ராட்சசன்

1977-ஆம் ஆண்டுக் கையேட்டில் நமக்கு அறிமுகமான ஒரு பெயரும் உண்டு. அதில் வரும் 'ராக்ஷசா', புலித்தலையுடன், கையில் புகைக்குழாயுடன் ஒரு கனவான்போல் வரையப்பட்டுள்ளது. 1974-இல் ஒளிபரப்பான 'கோல்சாக்' தொலைக்காட்சித் தொடரின் ஒரு பகுதியே கைகாக்ஸுக்கு இதற்கான தூண்டுதல். அதில் வரும் ராட்சசன், எதிரே நிற்பவர் மிகவும் நம்பும் ஒருவரின் முகத்துடன் தோன்றுவான்.

புலித்தலை நம் இதிகாச மரபில் பொதுவானதன்று. ஆனால் உருமாறி ஏமாற்றும் குணம் இராமாயணத்திலேயே உள்ளது. மாரீசன் பொன்மானாகவும் இராவணன் துறவியாகவும் வந்த கதையை அறியாத தமிழர் இல்லை. நம்பிய முகமே கெடுக்கும் என்ற அச்சத்திற்குக் கடல் தடையாகவில்லை.

உள்ளே புகுந்த பூதம்

1981-இல் சாண்டி பீட்டர்சன் உருவாக்கிய 'கால் ஆஃப் கதுலு' விளையாட்டு ஒரு திருப்பமாகும். இது எச்.பி. லவ்கிராஃப்டின் திகில் கதைகளை அடிப்படையாகக் கொண்டது. இதில் ஒவ்வொரு பாத்திரத்திற்கும் 'மனத்தெளிவு' ஓர் எண்ணாகக் குறிக்கப்படும். பூதத்தைப் பார்த்தாலே அந்த எண் குறையலாம். வாள் வீசி வெல்வதற்கு இங்கே இடம் குறைவு. அறிவு கலங்கிவிடுமோ என்பதே இங்கு அச்சம்.

அடுத்த படி 1991-இல் நிகழ்ந்தது. மார்க் ரைன்-ஹேகன் உருவாக்கிய 'வேம்பயர்: தி மாஸ்கரேட்' விளையாட்டில் ஆடுபவரே இரத்தக்காட்டேரி. உள்ளிருக்கும் விலங்கை அடக்கி, எஞ்சியுள்ள மனிதத்தன்மையைக் காப்பதே அவர் போராட்டம். கதவுக்கு வெளியே நின்ற பூதம் இருபது ஆண்டுகளுக்குள் மனத்திற்குள் வந்து அமர்ந்துவிட்டது.

விளையாட்டையே பூதமாகக் கண்ட காலம்

1979-இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பயின்ற பதினாறு வயது மாணவர் ஒருவர் காணாமல் போனார். அந்த வளாகத்தின் நீராவிக்குழாய்ச் சுரங்கங்களில் இந்த விளையாட்டை நிஜமாக ஆடப்போய்த் தொலைந்துவிட்டார் என்று செய்தி பரவியது. சில வாரங்களில் அவர் உயிரோடு கண்டுபிடிக்கப்பட்டார். அவர் மறைந்ததற்கு விளையாட்டு காரணமன்று. அவர் ஆழ்ந்த மனச்சோர்வில் இருந்தவர். மறு ஆண்டு அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

ஆனால் பரவிய செய்தி நிற்கவில்லை. 1981-இல் அதன் சாயலில் ஒரு நாவலும், 1982-இல் அந்நாவலைத் தழுவி ஒரு தொலைக்காட்சிப் படமும் வந்தன. 1983-இல் இந்த விளையாட்டை எதிர்க்கவே ஓர் அமைப்பு தொடங்கப்பட்டது. சாத்தான் வழிபாட்டுக்கும் தற்கொலைக்கும் இது இட்டுச்செல்கிறது என்று பிரசாரம் நடந்தது. அத்தகைய காரணத் தொடர்பு நிறுவப்படவில்லை. எனினும் 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பில், பேய், சாத்தான் என்ற பெயர்களை வெளியீட்டாளர்களே விலக்கிவிட்டனர்.

இங்குதான் நாம் நிதானிக்க வேண்டும். ஓர் இளைஞரின் துயரத்தை நெருங்கிக் கேட்பது கடினம். அதற்கு ஒரு காரணத்தைக் கண்டுபிடித்து அதை விரட்டுவது எளிது. பெரியவர்கள் தங்கள் அச்சத்திற்கு ஓர் உருவம் தேடினார்கள்; பகடையும் சில நூல்களும் கிடைத்தன. பிள்ளைகள் தம் பூதம் கற்பனை என்று அறிந்தே ஆடினார்கள். பெரியவர்கள் தம் பூதத்தை உண்மை என்று நம்பினார்கள்.

யார் பூதம்?

இன்னொரு கேள்வி பின்னர் எழுந்தது. ஜே.ஆர்.ஆர். டோல்கீனின் நாவல்கள் வழியே புகழ்பெற்ற 'ஓர்க்' என்ற இனம், இந்த விளையாட்டில் பிறவியிலேயே தீயதாக வைக்கப்பட்டிருந்தது. அவர்களுக்கு மொழி உண்டு, குடும்பம் உண்டு, தலைவன் உண்டு. ஆயினும் கண்டவுடன் கொல்லலாம். ஓர் இனம் முழுவதையும் பிறப்பால் தீயது என்று கூறும் இந்த வழக்கம், உண்மை உலகில் பல மக்களை இழிவுபடுத்தப் பயன்பட்ட பேச்சை ஒத்திருக்கிறது என்று பலர் சுட்டிக்காட்டினர். விளையாட்டின் இன்றைய உரிமையாளரான 'விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்' நிறுவனம் 2020-இல் இதை ஒப்புக்கொண்டது. இவ்வினங்களை மற்ற மக்களைப்போலவே நன்மையும் தீமையும் கலந்தவர்களாகக் காட்டுவதாகவும் அறிவித்தது. 2024-ஆம் ஆண்டு ஆடுநர் கையேட்டில், ஆடுபவர்கள் தாமே ஏற்கக்கூடிய இனங்களுள் ஒன்றாக ஓர்க் இடம்பெற்றுள்ளது.

முடிவுரை

பூதம் என்பது மனத்தின் அச்சம் அணிந்த உடை. துருவாக உடைமையைத் தின்பதும், பெட்டியாக ஆசையைக் காட்டுவதும், நண்பனின் முகத்தில் வருவதும் நம் அச்சங்களே. அவற்றை மேசைமேல் வைத்து, எண்ணிட்டு, நண்பர்களோடு எதிர்கொள்ளும்வரை அது மனத்திற்கு நல்ல பயிற்சி. அதே உடையை உயிருள்ள மனிதர்கள்மேலோ, ஓர் இனத்தின்மேலோ போர்த்தும்போதுதான் தீங்கு தொடங்குகிறது.

உங்கள் வீட்டுப் பிள்ளை இத்தகைய விளையாட்டை ஆடினால் தடுக்க அவசரப்பட வேண்டாம். எந்தப் பூதத்தைக் கண்டு அதிகம் பயந்தாய் என்று கேளுங்கள். பிள்ளை சொல்லும் பதிலில் அதன் மனம் ஓரளவு தெரியவரும்.