மறுசேர்க்கை மனித ஏசிஇ2 புரதம்
மனித உயிரணுச் சவ்வில் உள்ள ஏசிஇ2 ஏற்பியின் ஆய்வக வடிவம். ஏற்பி என்றாலும், உடலில் இதன் சொந்த வேலை வேறு: துத்தநாகம் தாங்கிய இந்நொதி, ரத்த அழுத்தத்தை ஏற்றும் ஆஞ்சியோடென்சின் 2-ஐ வெட்டி, ஆஞ்சியோடென்சின் 1-7 ஆக்குகிறது. 2003-இல் சார்ஸ் வைரஸும், 2020-இல் கோவிட்-19 வைரஸும் இதைப் பற்றிக்கொண்டே உயிரணுவுக்குள் நுழைவது தெரியவந்தது.

முழுப் புரதத்தில் 805 அமினோ அமிலங்கள். ஆய்வுக்குப் பெரும்பாலும் சவ்வுக்கு வெளியே நீளும் பகுதி மட்டும் போதும். அது நீரில் கரையும். இதை ஹெச்இகே293 போன்ற மனித உயிரணு வளர்ப்பில் சுரக்கவைப்பதே சிறந்தது. ஏனெனில், புரதத்தின்மேல் அமைய வேண்டிய மனித வகைச் சர்க்கரைச் சங்கிலிகளைப் பாக்டீரியாவால் கட்ட முடியாது. நுனியில் சேர்க்கும் ஹிஸ்டிடின் வால் நிக்கல் மணிகளில் ஒட்டிக்கொள்வதால் தூய்மைப்படுத்துவது எளிது. வைரஸின் கூர்முனைப் புரதம் எவ்வளவு இறுக்கமாகப் பற்றுகிறது, எந்த எதிர்ப்பொருள் அந்தப் பிடியைத் தடுக்கிறது என்பதை இதைக் கொண்டு அளக்கிறார்கள்.