தேர்ச்சி மதிப்பீடு: மருத்துவப் பயிற்சியாளரும் ஊவாத் தோட்டங்களும்

பட்டம் பெற்ற மருத்துவர் மூத்தவர்களின் மேற்பார்வையில் நோயாளரைப் பார்த்துப் பழகும் ஆண்டுகளில், எந்த வேலையை அவரிடம் தனியே ஒப்படைக்கலாம், எதற்கு இன்னும் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று பார்த்து முடிவுசெய்வதே தேர்ச்சி மதிப்பீடு. இலங்கையில் இது உள்ளகப் பயிற்சியில் தொடங்கி, பட்டமேற்படிப்பின் வழியாக, விசேட வைத்திய நிபுணர் என்ற சான்று கிடைக்கும் வரை நீள்கிறது. இதன் வரலாற்றைக் கொழும்பிலிருந்து பார்த்தால் ஒரு கதை தெரியும். மீரியபெத்தையிலிருந்து, அதாவது ஊவா மாகாணத்துப் பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து பார்த்தால் வேறொரு கதை தெரியும்.

இலங்கையில் மேற்கத்திய மருத்துவத்தை முறையாகக் கற்பித்துத் தேறியவர்களை ஊருக்கு அனுப்பும் வேலை யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தொடங்கியது. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் வந்திறங்கினார். மறு ஆண்டே மாணவர்களைச் சேர்த்தார். 1860களில் பாடமொழியையும் தமிழாக்கினார். அதற்கென்று மாணவர்களின் துணையோடு நூல்களை மொழிபெயர்த்தார். 1867இல் வெளிவந்த ‘இரணவைத்தியம்’ அவற்றில் ஒன்று. அவரிடம் கற்றுத் தேறியோர் 60 பேருக்கு மேல். ஆசானே நாள்தோறும் உடனிருந்து பார்த்ததால் மாணவரின் கை எவ்வளவு தேறியது என்பது அவருக்குத் தெரியும். ஆனால் அந்தத் தீர்ப்பு ஒரே ஒருவரின் கண்ணை நம்பியிருந்தது. இந்த நன்மையையும் இந்தக் குறையையும் பின்வந்த நூற்றைம்பது ஆண்டுகளாலும் முழுதாகப் பிரிக்க முடியவில்லை.

கொழும்பு மருத்துவப் பாடசாலை 1870இல் திறக்கப்பட்டது. வன்னியில் பறங்கி நோயால் ஊர்கள் தேய்ந்துபோனதும், அங்கு அனுப்ப மருத்துவர் இல்லாததும் இதற்குக் காரணங்கள். முதல் வகுப்பில் 25 மாணவர்கள், படிப்பு மூன்றாண்டு. 1880இல் அது இலங்கை மருத்துவக் கல்லூரி ஆனது. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் பீடமானது. பாடமொழி அன்றும் இன்றும் ஆங்கிலம். எழுத்துத் தேர்வு, வாய்மொழித் தேர்வு, நோயாளியை முன்வைத்து நடக்கும் தேர்வு என்ற பிரித்தானிய ஏற்பாடு அப்படியே வந்தது. தேர்வு நாளில் தேறினால் மருத்துவர். அதற்கு முந்தைய நாளும் மறுநாளும் வாட்டில் அவர் எப்படி நடந்துகொண்டார் என்பது கணக்கில் வரவில்லை.

தோட்டங்களுக்கு இந்தப் பட்டதாரிகள் வந்துசேரவே இல்லை என்று சொல்லலாம். கோப்பித் தோட்டங்களில் இந்தியத் தொழிலாளர் கூட்டங்கூட்டமாக இறந்ததை அரசு பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் 1872இல் ஒரு மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1880இலும் 1912இலும் புதிய சட்டங்கள் வந்தன. மாவட்ட வைத்திய அதிகாரிகள் நியமிக்கப்பட்டார்கள், மாவட்ட ஆஸ்பத்திரிகள் எழுந்தன. ஆனால் லயத்தில், அதாவது தொழிலாளரின் வரிசை வீட்டில், காய்ச்சலோடு படுத்திருந்தவரின் கையைப் பிடித்துப் பார்த்தவர் தோட்ட டிஸ்பென்சர். பிற்காலத்தில் தோட்ட மருத்துவ உதவியாளர், சுருக்கமாக ஈ.எம்.ஏ., என்று பெயர் மாறியது. வேலை பெரிதாக மாறவில்லை. மருந்து கலக்குவது, காயம் கட்டுவது, பிரசவத்துக்கு மருத்துவிச்சியை அனுப்புவது, யாரை வெளி ஆஸ்பத்திரிக்கு ஏற்றுவது என்று தீர்மானிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. அவருக்குச் சம்பளம் கொடுத்தது தோட்டம். அன்று வேலைக்குப் போகத் தேவையில்லை என்று ஒருவருக்கு எழுதிக்கொடுக்கும் அதிகாரமும் அவர் கையில்தான் இருந்தது. ஆகவே அவர் திறமையானவரா என்ற கேள்விக்குத் தோட்டத்தை நடத்திய துரையின் விடை ஒன்று, லயத்தின் விடை இன்னொன்று. வேலையில் வைத்திருந்தது துரையின் விடைதான். மதிப்பிடுகிறவருக்கு மதிப்பீட்டின் முடிவில் சொந்த இலாபம் இருக்கக் கூடாது என்று இன்றைய மருத்துவக் கல்வி நூல்கள் வற்புறுத்துவது ஏன் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை.

நாட்டளவில் 1927ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டளைச் சட்டமே இன்றும் அடிப்படை. பல்கலைக்கழகத்தில் தேறியவருக்கு மருத்துவச் சபை முதலில் தற்காலிகப் பதிவுதான் தரும். ஓராண்டு உள்ளகப் பயிற்சி, அதாவது இரண்டு பிரிவுகளில் ஆறாறு மாதம், முடிந்து பொறுப்பு நிபுணர் சான்று கொடுத்த பின்பே முழுப் பதிவு. வெளிநாட்டில் படித்தவர்கள் பயிற்சிக்கு முன் தனித் தேர்வொன்றிலும் தேற வேண்டும். எச்.ஓ. என்று வாட்டில் அழைக்கப்படும் இந்த இளையவர்கள்தான் இரவில் வரும் நோயாளியை முதலில் பார்ப்பவர்கள். நாட்டின் மிகக் கடினமான ஓராண்டு மதிப்பீடு, நடைமுறையில் ஒரு கையெழுத்தில் முடிகிறது.

வெளி உலகில் மாற்றம் மெதுவாக வந்தது. அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவமனை 1889இல் திறந்தபோது, பயிற்சி மருத்துவர் மருத்துவமனையிலேயே தங்கிப் படிப்படியாகப் பொறுப்பு ஏற்கும் முறையை வில்லியம் ஒஸ்லரும் வில்லியம் ஹால்ஸ்டெட்டும் நிலைநாட்டினார்கள். ஆனாலும் ‘இத்தனை ஆண்டு இருந்தார், ஆகவே தேறினார்’ என்ற கணக்கு நீண்ட காலம் போதுமானதாக இருந்தது. அதை முதலில் உலுக்கியவர் ஸ்கொட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன். 1975இல் அவர் அறிமுகப்படுத்திய ஒஸ்கி தேர்வில் மாணவர் மேசை மேசையாகச் சென்று ஒவ்வொன்றிலும் ஒரு வேலையைச் செய்துகாட்டுவார். எல்லோருக்கும் ஒரே கேள்வி, ஒரே மதிப்பெண் தாள். 1990இல் ஜோர்ஜ் மில்லர் தேர்ச்சியை நான்கு படியாக அடுக்கினார்: தெரிந்திருத்தல், செய்யும் வழி தெரிந்திருத்தல், செய்துகாட்டல், அன்றாடம் செய்தல். ஒஸ்கி மூன்றாம் படியில் நின்றுவிடுகிறது. நான்காம் படிக்கு வாட்டுக்கே போக வேண்டும். ஜோன் நோர்சினியும் கூட்டாளிகளும் 1995இல் முன்வைத்த மினி-சி.ஈ.எக்ஸ். அந்த வேலையைச் செய்தது. மூத்தவர் ஒருவர் பதினைந்து, இருபது நிமிடம் பக்கத்தில் நின்று, பயிற்சியாளர் உண்மையான நோயாளியிடம் பேசுவதையும் பரிசோதிப்பதையும் பார்த்து ஒன்பது புள்ளி அளவில் குறிப்பார். உடனே குறையையும் சொல்வார். 2005இல் நெதர்லாந்தின் ஒல்லே டென் காட்டே கேள்வியையே மாற்றினார்: எத்தனை மதிப்பெண் என்று கேட்காதீர்கள், இந்த வேலையை இவரிடம் நம்பி விடுவீர்களா என்று கேளுங்கள் என்றார். என் கணிப்பில் இந்த நூற்றாண்டில் இத்துறைக்குக் கிடைத்த மிகப் பயனுள்ள கேள்வி அது.

இலங்கையில் நிபுணராக விரும்பியவர் ஒரு காலத்தில் இங்கிலாந்துக்குக் கப்பலேறி எம்.ஆர்.சி.பி., எஃப்.ஆர்.சி.எஸ். என்று வாங்கிவர வேண்டும். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டமேற்படிப்பு மருத்துவ நிறுவகம் 1980ஆம் ஆண்டுக் கட்டளையின்கீழ் இயங்கத் தொடங்கியதும் அந்தப் பொறுப்பு உள்நாட்டுக்கு வந்தது. தெரிவுத் தேர்வு, எம்.டி. தேர்வு, அதன்பின் உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் பயிற்சி என்பது வழமை. பின்னர் பயிற்சிக் கோவையும் அதை முன்வைத்து நடக்கும் இறுதி மதிப்பீடும் சேர்ந்தன. கோவையில் செய்த சத்திரசிகிச்சைகள், மினி-சி.ஈ.எக்ஸ். தாள்கள், உடன் வேலைசெய்த மருத்துவரும் தாதியரும் இட்ட மதிப்பீடுகள் எல்லாம் இருக்கும். தாதி ஒருவரின் கருத்து நிபுணரின் சான்றிதழைத் தொடும் நிலை வந்தது பெரிய மாற்றம். பழைய தலைமுறையில் பலருக்கு அது இன்னும் பிடிக்கவில்லை.

2014 ஒக்டோபர் 29 காலை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த மக்களுக்கு அண்மையில் இருந்தது கொஸ்லந்தை ஆஸ்பத்திரி. பெரிய சிகிச்சைக்குத் தியத்தலாவையும் பதுளையும். தப்பியவர்கள் பாடசாலைகளில் தங்கினார்கள். தங்கள் வீட்டில் யார் இல்லை என்பதை அவர்கள் தமிழில்தான் சொன்னார்கள். ஊவாவின் மருத்துவமனைகளில் பணியாற்றுவோரில் பெரும்பாலோர் சிங்களம் பேசுபவர்கள். புதிதாகச் சேவையில் சேரும் அரச அலுவலர் இரண்டாம் அரச கரும மொழியில் தேறுவதை 2007ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை ஐந்தாண்டுக்குள் கட்டாயமாக்கியது. ஆனால் அது நிர்வாகத் தேர்வு. நோர்சினியின் தாளில் ‘நோயாளியிடம் விசாரித்தல்’ என்ற கட்டம் உண்டு. எந்த மொழியில் என்ற கட்டம் கிடையாது. நெஞ்சுவலிக்கும் நெஞ்செரிவுக்கும் உள்ள வேறுபாட்டைப் பக்கத்துக் கட்டில்காரர் மொழிபெயர்த்துச் சொன்னால், அதில் பயிற்சியாளரின் தேர்ச்சி எவ்வளவு, கட்டில்காரரின் தேர்ச்சி எவ்வளவு என்று பிரிப்பது எளிதல்ல.

மானிப்பாயில் கிறீன் இதற்கு ஒரு விடை கண்டிருந்தார். முழுப் படிப்பையும் இன்று தமிழுக்கு மாற்றச் சொல்வது நடக்கிற காரியமல்ல, தேவையுமல்ல. பதுளை போதனா வைத்தியசாலையிலும் தியத்தலாவையிலும் பயிலும் ஒவ்வொருவரின் கோவையிலும், தமிழ் மட்டும் தெரிந்த தோட்டத்து நோயாளி ஒருவரிடம் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் விசாரித்த மினி-சி.ஈ.எக்ஸ். தாள் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று விதி செய்தால் போதும். அதற்குப் புதிய சட்டம் வேண்டாம். பாடத்திட்டத்தில் ஒரு வரி போதும்.