டிரம்மிலிருந்து டிஸ்க்குக்கு: மலாக்காப் பட்டறைகளில் பிரேக் மாற்றும் தொழில்

மலாக்கா மாநிலத் தமிழர்களின் வரலாற்றை எழுதுவோர் ரப்பர் விலை, ஆள்கட்டு, தொழிற்சங்கம், பள்ளிக்கூடம், கோயில் ஆகியவற்றைப் பேசுவது வழக்கம். தோட்டத்து லாரிக் கொட்டகையில் வளர்ந்து, ஜாசின், அலோர் காஜா, மெர்லிமாவ் போன்ற ஊர்களின் பட்டறைகளில் தொடர்ந்த கைத்தொழில் அறிவு அந்த வரலாற்றில் அரிதாகவே இடம்பெறுகிறது. ஒரு காரின் பிரேக்கைக் கழற்றிவிட்டு, அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு காரின் வலுவான பிரேக்கை அதில் பொருத்தும் தொழில் அந்த அறிவின் ஒரு கிளை. பொழுதுபோக்காக மட்டும் கருதப்பட்டுவந்த இந்த வேலைக்குள் மலேசியாவின் தொழில்மயமும், சாலைகளின் மாற்றமும், தோட்டத்தைவிட்டு வெளியேறிய ஒரு தலைமுறையின் பிழைப்பும் ஒன்றாகப் பின்னிக்கிடக்கின்றன.

மலாக்காவுக்கும் மோட்டார் வண்டிக்கும் உள்ள உறவு பழையது. தோட்ட முதலாளி டான் சே யான் 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் மரங்களை வணிக நோக்கில் நட்டதைத் தொடர்ந்து, மலாயாவின் ரப்பர்த் தோட்டங்கள் வளர்ந்ததற்கு முதன்மையான காரணம் மேலைநாடுகளில் பெருகிய கார்களுக்கு டயர் தேவைப்பட்டதுதான். மலாயாவில் சொந்தமாக ரப்பர்த் தோட்டங்களை வைத்திருந்த டன்லப் நிறுவனம், டயரோடு நில்லாமல் பிரேக் ஆய்விலும் இறங்கியது. அந்நிறுவனத்தின் டிஸ்க் பிரேக் பொருத்தப்பட்ட ஜாகுவார் சி-டைப் கார் 1953இல் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் வென்றபோது, டிரம் பிரேக்கின் காலம் முடியத் தொடங்கியதை உலகம் கண்டது. பால்மரம் வெட்டிய கைகளின் உழைப்பில் வளர்ந்த நிறுவனமே பிரேக் வரலாற்றின் பெருந்திருப்பத்துக்கும் துணைநின்றது என்பதைத் தோட்ட வரலாறுகள் குறிப்பிடாமல் கடப்பது ஒரு குறையே.

இவ்விரு வகைப் பிரேக்குகளின் வேறுபாட்டை இங்கு விளக்குவது தேவை. சக்கரத்தோடு சுழலும் ஓர் இரும்புக் குடத்தின் உட்புறச் சுவரை, பிறை வடிவிலான இரண்டு ‘ஷூ’க்கள் விரிந்து அழுத்தினால் அது டிரம் பிரேக், சுழலும் தட்டு ஒன்றை ‘காலிப்பர்’ எனப்படும் கவ்வி இருபுறமும் ‘பேடு’களால் இறுக்கினால் அது டிஸ்க் பிரேக். குடத்துக்குள் பிறக்கும் வெப்பம் எளிதில் வெளியேறாததால், திரும்பத் திரும்ப மிதிக்கும்போது பிடிமானம் தளர்ந்துவிடும். வெளிக்காற்றில் சுழலும் தட்டு அந்த வெப்பத்தை விரைவில் இழந்துவிடும். ஆனாலும் செம்மண் பாதையில் மெதுவாக ஓடிய தோட்டத்து வண்டிகளுக்கு டிரம் பிரேக்கே பொருந்திவந்தது என்பதை மறக்கலாகாது. சேறும் கல்லும் உள்ளே புகாமல் குடம் தடுத்தது. கைப்பிரேக்கை அதில் இணைப்பதும் எளிது. தண்ணீர் தேங்கிய பாதையைக் கடந்தபின் ஷூக்கள் நனைந்து பிடிமானம் குறைவதால், பிரேக்கை இலேசாக மிதித்தபடியே சிறிது தூரம் ஓட்டி அதை உலர்த்துவது ஓட்டுநர்கள் கைக்கொண்ட முறை.

அக்காலப் பட்டறையில் பிரேக் வேலை என்பது பெரும்பாலும் தேய்ந்த ஷூவுக்குப் புதிய ‘லைனிங்’ அடிப்பதாகவே இருந்தது. பழைய உராய்வுப் பட்டையை உளியால் பெயர்த்தெடுத்து, புதிய பட்டையை ஷூவின் வளைவோடு ஒட்டப் பிடித்து, நடுவிலிருந்து இரு முனைகளை நோக்கி ஒவ்வொன்றாகச் செம்பு ரிவெட்டுகளை அறைந்து, குடத்தில் வரி விழுந்திருந்தால் அதைக் கடைசலில் கொடுத்துச் சமன்செய்வார்கள். அந்தப் பட்டைகளில் கல்நார் எனப்படும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. குடத்தில் படிந்த தூளைக் காற்றால் ஊதித் தள்ளியவர்கள், நுரையீரலைக் கெடுக்கும் இழைகளையும் சேர்த்தே சுவாசித்தார்கள். இத்தொழிலின் வரலாற்றில் இந்த இழப்பையும் கணக்கில் எடுத்தாக வேண்டும்.

ஒரு மாடலின் பாகத்தை இன்னொன்றுக்கு மாற்றும் வழக்கம் மலேசியாவில் பிறந்ததன்று. மலாயாவில் பரவலாக ஓடிய மோரிஸ் மைனர் காரின் சிறிய டிரம்களை அகற்றி, அதே அடித்தளத்திலிருந்து உருவான வோல்ஸ்லி 1500, ரைலி 1.5 ஆகிய கார்களின் 9 அங்குல முன் டிரம்களைப் பொருத்துவது பிரிட்டனில் நன்கறியப்பட்ட முறையாக இருந்தது. அடித்தளம் ஒன்றாக இருந்தால் ஆணித் துளையும் அச்சும் பெரும்பாலும் ஒத்துப்போகும் என்ற இந்தப் பழைய விதியே, மலேசியத் தேசியக் கார்களின் காலத்தில் மிக விரிவாகப் பயன்பட்டது.

1983இல் தொடங்கப்பட்ட புரோட்டோன் நிறுவனம், மிட்சுபிஷி லான்சர் பியோரேயை அடிப்படையாகக் கொண்ட சாகா காரை 1985 ஜூலையில் வெளியிட்டது. 1993இல் வந்த வீராவும் அதைத் தொடர்ந்த சத்ரியா, புத்ரா ஆகியவையும் அடுத்த தலைமுறை லான்சர், மிராஜ் குடும்பத்தைச் சேர்ந்தவை. 1994இல் வந்த பெரோடுவா கஞ்சில், டைஹாட்சு மீராவின் வழிவந்தது. விலையைக் கட்டுப்படுத்துவதற்காக, சாதாரண வீராவின் பின்சக்கரங்களுக்கு டிரம் பிரேக்கே அளிக்கப்பட்டது. ஆனால் அதே உடலமைப்புக் குடும்பத்தின் 1.8 லிட்டர் இரட்டைக் கேம் எஞ்சின் வகைகளுக்கும், 1998இல் வெளிவந்த சத்ரியா ஜிடிஐக்கும் நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் இருந்தது. எளிய காரை வாங்கியவருக்கு, அதன் உயர்ந்த உறவினரின் பிரேக் ஏறக்குறைய அப்படியே பொருந்தும் என்பது தெரிந்தபின், பட்டறைகளுக்குப் புதிய வேலை பிறந்தது.

அந்தப் பாகங்கள் வந்த வழியும் குறிப்பிடத்தக்கது. ஜப்பானில் ‘ஷாக்கென்’ எனப்படும் கட்டாய வாகனச் சோதனை, புதிய காருக்கு மூன்று ஆண்டு கழித்தும் அதன்பின் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் நடப்பதால், செலவுக்கு அஞ்சி நல்ல நிலையிலுள்ள கார்களையும் பலர் கைவிடுவர். அவை குறுக்கே அறுக்கப்பட்டு, எஞ்சின், கியர் பெட்டி, முன்சக்கர அமைப்பு ஆகியவற்றோடு கூடிய முன்பாதியாகக் கப்பலேறும். இதுவே ‘ஹாஃப் கட்’. ஜப்பானைப் போல மலேசியாவிலும் இடதுபுறம் ஓட்டும் வழக்கமே உள்ளதால் அவை இங்கு நேரடியாகப் பயன்பட்டன. மலாய் மொழியில் ‘கெடாய் போத்தோங்’ எனப்படும், அறுத்த கார்களின் பாகங்களை விற்கும் கடைகளில், காலிப்பரும் அதன் தாங்கியும் பிரேக் பம்பும் எண்ணெய் படிந்த குவியல்களாகக் கிடக்கும். எது எதற்குச் சேரும் என்பதைக் கண்ணால் பார்த்தே சொல்லத் தெரிந்தவர்தான் தேர்ந்த ‘பொமென்’, அதாவது மெக்கானிக்.

வலுவான பிரேக்குக்கான தேவை பிறந்ததற்குச் சாலையே காரணம். மலாக்காவின் ஆயர் குரோ வழியாகச் செல்லும் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை 1994இல் முழுமையாகத் திறக்கப்பட்டபோது, மணிக்கு 110 கிலோமீட்டர் அதன் உச்ச வேக வரம்பானது. ஓடும் வண்டியின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பப் பெருகுவதால், 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் காரை நிறுத்துவதைவிட 110இல் வருவதை நிறுத்தும்போது பிரேக்கில் பிறக்கும் வெப்பம் மூன்று மடங்குக்கும் அதிகம். அதே பத்தாண்டுகளில் பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறின, சில வீட்டுமனைகளாயின, லயங்களைவிட்டு வெளியேறிய இளைஞர்கள் பத்து பெரண்டாம் போன்ற இடங்களின் தொழிற்சாலைகளுக்கும் பட்டறைகளுக்கும் சென்றனர். எஞ்சின் கொட்டகையிலும் லாரிக்கடியிலும் தந்தையரும் சிற்றப்பன்மாரும் செய்த வேலையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, சான்றிதழ் கேட்காத வேலையாகப் பட்டறை இருந்தது. தோட்டத்தை இழந்தவர்களுக்கு அது அளித்த தன்மதிப்பு சிறிதன்று.

வேலையின் நுட்பம் வெளியில் தெரியும் தட்டின் அளவில் இல்லை. முதலில் சக்கர ஆணிகள் அமைந்த வட்டத்தின் விட்டம் பார்க்கப்படும். அது சில கார்களில் 100 மில்லிமீட்டர், சிலவற்றில் 114.3 என்பதால், ஒவ்வாதபோது சக்கரம் பூட்டப்படும் ஹப்பையே மாற்ற நேரிடும். சாகாவின் 13 அங்குல ரிம்முக்குள் பெரிய காலிப்பர் நுழையாது. ஆகவே ரிம்மும் டயரும் மாறும். பின்சக்கரத்துக்கு டிஸ்க் பொருத்துகையில் தாங்கி, கைப்பிரேக் கம்பி, குழாய் ஆகிய அனைத்தும் பாகம் தரும் காரிலிருந்தே எடுக்கப்படுவது நல்ல வழக்கம். பெரிய பிஸ்டன் கொண்ட காலிப்பருக்குக் கூடுதல் எண்ணெய் தேவைப்படுவதால், எண்ணெயைத் தள்ளும் பழைய பிரேக் பம்பையே வைத்தால் மிதி ஆழமாக இறங்கும். பின்சக்கரத்துக்கு அழுத்தம் மிகுந்தால் மழைநாளில் அது முதலில் பூட்டிக்கொண்டு காரைச் சுழற்றிவிடும். எனவே பம்பையும் அழுத்தத்தைப் பங்கிடும் வால்வையும் சேர்த்து மாற்றியவர்களே இத்தொழிலின் உண்மையான வல்லுநர்கள். தட்டை மட்டும் பெரிதாக்கிக் காட்டியவர்கள் வாடிக்கையாளரின் உயிரோடு விளையாடினார்கள் என்று சொல்வதில் தயக்கம் வேண்டியதில்லை. எல்லாம் பூட்டியபின் ஒருவர் உள்ளே அமர்ந்து மிதியை அழுத்திப் பிடிக்க, மற்றவர் காலிப்பரின் திருகைத் தளர்த்தி, குமிழியில்லாமல் எண்ணெய் வரும்வரை காற்றை வெளியேற்றுவர். இந்தக் கடைசிப் பணியில் காட்டும் பொறுமை முழு வேலையின் தரத்தையும் முடிவுசெய்யும்.

மலேசியச் சட்டம் இவ்வேலையை முற்றிலும் கண்டுகொள்ளாமல் விட்டதில்லை. 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டமும், அதற்கு முந்தைய 1959ஆம் ஆண்டின் வாகனக் கட்டமைப்பு விதிகளும் ஜேபிஜே எனப்படும் சாலைப் போக்குவரத்து இலாகாவுக்கு இத்தகைய மாற்றங்களைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் தருகின்றன. 1990களில் அமைந்த புஸ்பாகோம் சோதனை நிலையங்களில், உருளைகளின்மேல் சக்கரங்களை நிறுத்திப் பிரேக்கின் விசையும் இடவலச் சமநிலையும் அளக்கப்படுகின்றன. நன்றாகச் செய்யப்பட்ட மாற்றத்தையும் அரைகுறையாகச் செய்யப்பட்டதையும் அந்த உருளைகள் பிரித்துக் காட்டிவிடும்.

2018 முதல் மலேசியாவில் அறிமுகமாகும் புதிய கார் மாடல்களுக்கு மின்னணு நிலைத்தன்மைக் கட்டுப்பாடு கட்டாயமாக்கப்பட்டது. சக்கரம் வழுக்கும்போது ஒவ்வொரு பிரேக்கையும் தனித்தனியே இயக்கும் இக்கட்டுப்பாட்டுக் கணினி, அந்தக் காரின் காலிப்பர் அளவையும் டயர் அளவையும் கருதியே அமைக்கப்படுவதால், அந்நியப் பாகத்தைப் பூட்டினால் அதன் கணக்குத் தவறும். அலோர் காஜாவின் பெகோவில் 2003 முதல் ஹோண்டா தொழிற்சாலையே கார்களைத் தயாரித்து வந்தாலும், அங்கிருந்து வெளிவரும் இன்றைய கார்களில் பட்டறைக்காரர் பழைய முறையில் கைவைக்க இயலாது. பிரேக் மாற்றும் வேலை இப்போது பெரும்பாலும் பழைய சாகா, வீரா, சத்ரியா கார்களைப் பேணிக்காப்பவர்களுக்காகவே நடைபெறுகிறது.