சாக்பீஸ் கட்டம்

பழைய தஞ்சை மாவட்டத்து உயர்நிலைப் பள்ளி ஒன்றில் 90களில் வரலாறு நடத்திக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் வகுப்பு. பிளாசிப் போருக்கு முன்னால் நோட்ஸ் புத்தகத்தில் இரண்டு வரி வரும்: 1756 ஜூன் 20இல் வங்க நவாப் சிராஜ் உத் தௌலா கல்கத்தாக் கோட்டையைப் பிடித்து 146 கைதிகளை ஒரு சிறு அறையில் அடைத்தார், விடிந்தபோது 23 பேர் மிச்சம். 'இருட்டறைத் துயரம்'. இரண்டு மார்க் கேள்வி.

பாடநூல் என்கிற பிரதி அதிகாரத்தின் குரலில் பேசுகிறது என்றெல்லாம் சிறுபத்திரிகைகளில் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. அதை வகுப்பில் செய்துகாட்டிவிட வேண்டும் என்று எனக்கும் ஓர் ஆசை. அறையின் அளவாக வழக்கமாகச் சொல்லப்படுவது 18 அடிக்கு 14 அடி 10 அங்குலம். சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டு, மூன்று செக்‌ஷன் பிள்ளைகளையும் உள்ளே போய் நிற்கச் சொன்னேன். ஆளுக்கு இரண்டு சதுர அடிகூட வராது. பாதிப் பேர் வெளியே நிற்பார்கள், 'பாத்தீங்களா வெள்ளைக்காரன் புளுகை' என்று பாடத்தை முடித்துவிடலாம். இதுதான் என் திட்டம்.

பாவிப் பிள்ளைகள், அடங்கிவிட்டார்கள். டவுன் பஸ்ஸில் வருகிறவர்களுக்கு நெருக்கிக்கொண்டு நிற்பது புதுசா என்ன? அன்றைக்கு 146க்கு நாலைந்து பேர் குறைவு. அவர்களுக்கும் இடம் இருந்தது.

"அப்ப நெசந்தானா சார்?" என்றான் ஒருத்தன்.

வாயடைத்துப் போனேன். முடிவை முன்கூட்டியே கையில் வைத்துக்கொண்டு பிள்ளைகளைச் சாட்சிக்கு இழுத்திருக்கிறேன். அதற்கு விமர்சனச் சிந்தனை என்று பேர் வேறு. அறை கொள்ளுமா என்பதல்ல, தலையை எண்ணியது யார் என்பதுதான் கேட்டிருக்க வேண்டியது.

எண்ணியவர் ஹால்வெல், உயிர் தப்பியவர்களில் ஒருவர். 1757 பிப்ரவரியில், இங்கிலாந்து திரும்பும் கப்பலில் இருந்தபடி எழுதிய கடிதம் 1758இல் அச்சாகிறது. 146, 23 எல்லாம் அதிலிருந்து வந்தவை. இதே ஹால்வெல் பிற்பாடு மீர் ஜாபர் கொன்றதாக ஒரு பட்டியல் கொடுத்தார்; அதில் இரண்டு பேர் தவிர மற்றவர்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்று 1766இல் கிளைவும் அவர் கவுன்சிலும் எழுதவேண்டி வந்தது. 1840இல் மெக்காலே, கிளைவைப் பற்றிய கட்டுரையில் இருட்டறைக் கதைக்குப் புது உயிர் கொடுத்தார். கர்சன் 1902இல் ஹால்வெல் நினைவுச்சின்னத்தை மறுபடி எழுப்பினார். சுபாஷ் போஸின் கிளர்ச்சியை அடுத்து 1940இல் அது அங்கிருந்து அகற்றப்பட்டது. இடையில் 1915இல் ஜே.எச். லிட்டில் முழுப் புரட்டு என்றார். 1959இல் பிரிஜேன் குப்தா ஆவணங்களை ஒப்பிட்டு, உள்ளே போனவர்கள் 64, மீண்டவர்கள் 21 என்ற கணக்குக்கு வந்தார்.

இதையெல்லாம் அடுத்த வாரம் வகுப்பில் சொன்னேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள்.

"அப்பவும் 43 பேரு செத்திருக்காங்களே சார். நீங்க புளுகுன்னீங்க?"

ஆமாம், சொல்லியிருந்தேன்.

"வெண்மணியையும் இப்புடிக் கோடு போட்டுப் பாப்பாங்களா?"

எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் அந்தப் பேரை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் சேரியில், 1968 டிசம்பர் 25 இரவு ஒரே குடிசைக்குள் ஒண்டியவர்கள் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் தலித் பெண்களும் குழந்தைகளும். கீழ்க்கோர்ட்டு 1970இல் நிலக்கிழார்களைத் தண்டித்தது. 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. நிலபுலமும் காரும் உள்ளவர்கள் வேலைக்காரர்களை அனுப்பாமல் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்பது அந்தத் தீர்ப்பு சொன்ன காரணங்களில் ஒன்று.

சாக்பீஸை வைத்து நான் செய்யப் பார்த்ததும் இதே வேலைதான் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. நம்பும்படியா இருக்கு? யாருக்கு நம்பும்படி? கார் வைத்திருப்பவர் நடக்கமாட்டார் என்பது காரில் போகிறவர்களின் பொதுப்புத்தி. வழக்கு ஏட்டில் இறந்தவர்கள் 42. நினைவிடத்தில் 44 பெயர்கள். கணக்கு உதைத்தால் பொய் என்று நான் பழக்கிவிட்ட பையன், நாளைக்கு இந்த இரண்டு பேரைப் பிடித்துக்கொண்டு அத்தனை பேரையும் இல்லை என்பான். அந்த இரண்டு பேர் எப்படி விடுபட்டார்கள், ஏடு எழுதியவர் யாரைக் கேட்டு எழுதினார் என்று போகிறவன் வேறு ஆள். இரண்டு பேருமே சந்தேகப்படுகிறவர்கள்தான்.

அவளிடம் இவ்வளவு தெளிவாக நான் பேசவில்லை. 42, 44 இரண்டையும் போர்டில் எழுதினேன். மணி அடித்துவிட்டது.

கால் பரீட்சையில் இருட்டறை வந்தது. 146 என்று எழுதினால்தான் மார்க் என்று நானே சொல்லி அனுப்பியிருந்தேன். தலைமையாசிரியர் அதற்குள் இரண்டு முறை என்னைக் கூப்பிட்டுப் பேசியாகிவிட்டது. அந்தப் பெண்ணும் 146 என்றுதான் எழுதியிருந்தாள். பக்கத்திலேயே பொடி எழுத்தில், 'இது ஹால்வெல் எண்ணியது'. இரண்டு மார்க்கும் போட்டேன்.