வெட்டி ஒட்டிய தமிழ்

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலையிலிருந்து சான்ட்ரோ கார் வெளிவந்தது 1998-இல். ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறந்தது 2010-இல். இடைப்பட்ட பன்னிரண்டு வருடங்களில் நம் பக்கத்து வயல்கள் பல ஆலைகளாயின. கணினித் தமிழ் ஒரு பெரிய குழப்பத்திலிருந்து கரையேறியதும் அதே வருடங்களில்தான்.

கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டும் முறையைப் பரவச் செய்தவர் லாரி டெஸ்லர். 1970-களில் அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில், டிம் மாட்டுடன் சேர்ந்து 'ஜிப்சி' என்ற எழுத்துத் திருத்தியை உருவாக்கினார். கத்தரிக்கோலும் பசையும் வைத்து அச்சுப்படி ஒட்டிய வேலையைத்தான் திரைக்குக் கொண்டுவந்தார்கள். நாம் தேர்ந்தெடுத்த வரி 'கிளிப்போர்டு' என்னும் தற்காலிகப் பலகையில் போய் உட்காரும். ஒட்டும்போது அங்கிருந்து வரும்.

அந்தப் பலகையில் இருப்பது எழுத்தின் வடிவம் அல்ல, எழுத்துக்கான எண். இங்கேதான் தமிழ் மாட்டிக்கொண்டது. பாமினி ஃபான்டில் 'தமிழ்' என்று திரையில் தெரிவது, உள்ளே ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி, அவ்வளவுதான். பாமினி இல்லாத கம்ப்யூட்டரில் ஒட்டினால் அந்த ஆங்கிலக் குறிகளே பல்லிளிக்கும். அந்நாளில் ஆளுக்கொரு ஃபான்ட், ஃபான்டுக்கொரு கணக்கு.

இது வெறும் எழுத்துப் பிரச்சினை அல்ல. 'இயந்திரம் ஓடும்போது கையை உள்ளே விடாதீர்' என்ற எச்சரிக்கை மெயிலில் குறிகளாக வந்து சேர்ந்தால், பிரஸ் ஷாப்பில் நிற்கும் பையனுக்கு அதனால் என்ன பயன்? ஆங்கிலத்தில் வந்த சுற்றறிக்கை தப்பியது. தொழிலாளி படிக்க வேண்டிய தமிழ்தான் சிதைந்தது.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையடுத்து, தமிழ் 99 விசைப்பலகையும் டாம், டாப் குறியீடுகளும் அரசு அங்கீகாரம் பெற்றன. 1991-லேயே தமிழுக்கு இடம் தந்திருந்த யூனிகோடை 2010 ஜூனில் தமிழக அரசு ஏற்றது. அதில் 'த' எந்த ஃபான்டிலும் 'த'தான்.

பழைய கோப்புகளுக்கு எழுத்துமாற்றிகள் வந்தன. சுரதா யாழ்வாணனின் 'பொங்கு தமிழ்' பலருக்குக் கைகொடுத்தது. இந்த வேலையை எழுத்துத் திருத்திக்குள்ளேயே ஒரு சிறு நிரல் செய்யலாம்: தேர்ந்தெடுத்த வரியை வாங்கி, எண்களை மாற்றி, கிளிப்போர்டில் திரும்ப வைக்கும், நாம் ஒட்டினால் போதும். ஆனால் 'கொ' என்பதைப் பாமினி கொம்பு, க, கால் என மூன்றாக வைத்திருக்கும். யூனிகோடில் முதலில் க, பிறகு ஒரே குறி. அதனால் நீளமான கூட்டுகளை முதலில் மாற்ற வேண்டும். வரிசை தப்பினால் கொம்பு அநாதையாக நிற்கும். இன்னொன்று: நிரல் புதிதாக ஒன்றை வைத்தால், பலகையில் முன்பு இருந்தது போய்விடும். ஆகவே நாம் கேட்டால் மட்டுமே அது கைவைக்க வேண்டும்.

உங்கள் பழைய சிடியில் புரியாத குறிகளாகக் கோப்பு கிடைத்தால் தூக்கி எறியாதீர்கள். எந்த ஃபான்டில் அடித்தது என்று மட்டும் கண்டுபிடியுங்கள். உள்ளே தமிழ் பத்திரமாகவே இருக்கிறது.