கருப்பொருளாகும் மூன்றுசக்கர வண்டி

மிசான்சேன் என்னும் பிரெஞ்சுத் தொடருக்கு மேடையில் வைத்தல் என்பதே நேர்ப்பொருள். நாடகத்திலிருந்து திரைப்படத்திற்கு வந்த அத்தொடரைத் தமிழில் காட்சியமைப்பு என்கிறோம். சட்டகத்துக்குள் எப்பொருள் எங்கே நிற்கிறது, அதன்மேல் எவ்வளவு ஒளி விழுகிறது, நடிப்பவர் என்ன உடுத்தியிருக்கிறார் என்பனவெல்லாம் இதனுள் அடங்கும். பெயர் புதிது, கருத்து நமக்குப் புதிதன்று. நிலமும் பொழுதும் முதற்பொருள். மரம், பறவை, தொழில் முதலியன கருப்பொருள். மாந்தர் ஒழுக்கம் உரிப்பொருள். கூறாத உணர்வைக் கருப்பொருளின்வழி உணர்த்துவதை உள்ளுறை என்றது தொல்காப்பியம். திரையை நோக்குவதற்கு இதனினும் ஏற்ற கருவி வேண்டுமோ என்பது என் வினா.

சான்றைத் தொலைவில் தேட வேண்டியதில்லை. டத்தோ கிராமாட்டுக்கு அணித்தே 1929இல் பிறந்தவர் பி. ரம்லி. அவர் 1948இல் சிங்கப்பூரில் ஷா சகோதரர்களின் படப்பிடிப்பு நிலையத்தில் சேர்ந்தபோது, அங்கு இயக்குநர்களாகக் கோலோச்சியவர்கள் இந்தியர்கள். அவரை முதன்முதலில் கதைத்தலைவனாக்கிய ‘பக்தி’ (1950) படத்தை இயக்கிய எல். கிருஷ்ணன் தமிழரே. நம் வரலாற்று நூல்கள் இவ்வுறவை ஓரிரு வரிகளில் கடந்துவிடுவது வருந்தத்தக்கது.

ரம்லி முதன்முதலில் தாமே இயக்கிய படம் 1955இல் வெளிவந்த ‘பெனாரிக் பேச்சா’. மூன்றுசக்கர வண்டி மிதிக்கும் ஏழை அம்ரானுக்கும் செல்வர் மகள் அசீசாவுக்கும் இடையே மலரும் காதலே கதை. கதை எளிது. வண்டியே அதன் கருப்பொருள். சிங்கப்பூர் வண்டியில் பயணியின் இருக்கை மிதிப்பவரின் பக்கவாட்டில் அமைந்திருக்கும். ஆகவே இருவரும் ஒரே சட்டகத்தில் அருகருகே அமைகின்றனர்; ஒருவர் உயரத்தில் உழைக்கிறார், மற்றவர் தாழ்ந்த இருக்கையில் சாய்ந்திருக்கிறார். நெருக்கமும் ஏற்றத்தாழ்வும் ஒருங்கே கண்ணுக்குப் புலனாகின்றன. உரையாடல் எதுவும் தேவைப்படவில்லை. நம் பினாங்கு வண்டியிலோ பயணி முன்னும் மிதிப்பவர் பின்னுமாக இருப்பர். இங்குள்ள வண்டியைக் கொண்டு இக்கதையைப் படமாக்கியிருந்தால், அவள் பார்வையில் தெரு மட்டுமே இருந்திருக்கும். அவன் முகத்தைக் காண அவள் திரும்பியாக வேண்டும். இருக்கை ஓரடி இடம் மாறினால் உரிப்பொருளே மாறிவிடுகிறது! (பினாங்கில் பிறந்தவர் இவ்வேறுபாட்டை அறியாதிருக்க இயலாது என்றே கருதுகிறேன்.)

அறுபது ஆண்டுகள் கழித்து, சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய ‘ஜகாட்’ (2015) வெளிவந்தது. தோட்டத்தை இழந்து புறம்போக்குக் குடியிருப்புக்குப் பெயர்ந்த தமிழரின் வாழ்வு அதன் பொருள். முல்லையும் குறிஞ்சியும் நல்லியல்பு இழந்தால் பாலையாகும் என்னும் சிலப்பதிகாரக் கருத்தை அறிந்தவர்க்கு, அப்படத்தின் நிலம் எத்திணை என்பதைக் கூற வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் மொழியை அளவுகோலாக்கிப் பரிசுப் பிரிவுகள் வகுக்கப்பட்டதால் நாடெங்கும் விவாதம் எழுந்தது. முடிவில் சிறந்த மலேசியப் படம் என்னும் விருதைப் பெற்றது தமிழ் பேசும் இப்படமே.

நம் வகுப்பறைகளிலோ, திரைப்படத்தைப் பாடமாக்கும்போது உரையாடலை எழுதச் செய்து, அதிலிருந்தே கருத்தைத் திரட்டுகிறோம். ஆசிரியர்கள் ஒருமுறை ஒலியை அடைத்துவிட்டு ஐந்து நிமிடக் காட்சியைக் காட்டட்டும். முதல், கரு, உரி என மூன்று பத்திகள் வரைந்து, கண்டதை மட்டும் மாணவர் அவற்றில் குறிக்கட்டும். அதன்பின் ஒலியைத் திறக்கலாம்.